வில்லன் இல்லாத விளையாட்டு

*கொல்ல வேண்டிய ராட்சசன் இல்லை, மீட்க வேண்டிய இளவரசி இல்லை. 1985-ல் வந்த ‘அல்டிமா 4’ தன்னை ஆடுகிறவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: நல்ல மனிதராக இரு. இந்தப் பழைய கேமை இன்று ஏன் ஆட வேண்டும்?*

மூலிகைக் கடைக்காரம்மாவுக்குக் கண் தெரியாது. பூண்டு, ஜின்செங் வேர், கந்தகச் சாம்பல், சிலந்தி நூல் என்று வரிசையாகச் சொல்லி, எது வேண்டும், எத்தனை வேண்டும் என்று கேட்கிறார். நாம் சொன்னதும் கணக்குப் போட்டு, இத்தனை பொற்காசு ஆகிறது என்கிறார். அதன் பிறகு திரையில் ஒரு கேள்வி வந்து நிற்கிறது: எவ்வளவு கொடுக்கிறீர்கள்?

விலையைத்தான் அவரே சொல்லிவிட்டாரே, அப்புறம் என்ன கேள்வி? புதிதாக ஆடுகிறவருக்கு இது விளங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். விளங்கியதும் கீபோர்டு மேல் இருக்கும் விரல் தயங்கும். அந்த அம்மாவால் காசை எண்ணிப் பார்க்க முடியாது. நாம் எந்த எண்ணைத் தட்டினாலும் வாங்கிக்கொள்வார். ஒற்றைக் காசு கொடுத்தாலும் சரக்கு கைக்கு வந்துவிடும். காவலர் ஓடி வருவதில்லை, அபாய மணி அடிப்பதில்லை, சிவப்பு எழுத்து எதுவும் மின்னுவதில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டலாம்.

சில நாள் கழித்து அரண்மனைக்குப் போகிறோம். அங்கே ஹாக்விண்ட் என்ற ஞானி இருக்கிறார். நேர்மையில் நான் எப்படி இருக்கிறேன் என்று அவரிடம் கேட்கிறோம். திருடனுக்கும் ஏமாற்றுக்காரனுக்கும் சொல்ல வேண்டிய வார்த்தைகளை நம் முகத்துக்கு நேரே சொல்கிறார். எதை வைத்துச் சொல்கிறார் என்று யோசிக்கும்போது, அந்த மூலிகைக் கடை நினைவுக்கு வருகிறது. யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்திருந்தோம்.

கம்ப்யூட்டர் கேம்கள் எத்தனையோ வந்துவிட்டன. தத்ரூபமான முகங்கள், சினிமாவைத் தோற்கடிக்கும் சண்டைகள், உலகம் முழுக்க ஒரே நேரத்தில் ஆடும் வசதி எல்லாம் வந்துவிட்டன. ஆனால் ஆடுகிறவரை இப்படிக் கூச வைத்த கேம்கள் குறைவு. இத்தனைக்கும் இதன் திரை கட்டம் கட்டமான பொம்மைப் படம். கடல் என்றால் நீலக் கட்டம், காடு என்றால் பச்சைக் கட்டம். 64 கிலோபைட் நினைவகம் கொண்ட ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக எழுதப்பட்டது. இன்று போனில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே அதைப் போலப் பல மடங்கு இடம் வேண்டும்.

கடிதங்கள் வந்தன

இதை உருவாக்கிய ரிச்சர்ட் கேரியட் 1961-ல் இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நாசா விண்வெளி மையத்தை ஒட்டிய ஊரில் வளர்ந்தவர். அப்பா ஓவன் கேரியட் விண்வெளி வீரர். 1973-ல் ஸ்கைலேப் நிலையத்திலும் 1983-ல் கொலம்பியா விண்கலத்திலும் பறந்தவர். மகன் கண் பார்வைக் குறைவால் அந்த வழியில் போக முடியவில்லை. கேம் எழுதிச் சம்பாதித்த பணத்தைச் செலவழித்து, 2008-ல் ரஷ்யாவின் சோயுஸ் விண்கலத்தில் ஏறி, சர்வதேச விண்வெளி நிலையத்துக்கே போய் வந்தார் என்பது தனிக்கதை.

பள்ளியில் படிக்கும்போது ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டு அவரைப் பிடித்துக்கொண்டது. மேசையைச் சுற்றி நண்பர்கள் உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கு ஒரு பாத்திரமாகி வாயாலேயே கதையை நடத்தும் விளையாட்டு அது. அதைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவர முயன்று, 1979 வாக்கில் ‘அக்கலபெத்’ என்ற கேமை எழுதினார். தான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கடையிலேயே, ஃப்ளாப்பியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு விற்பனைக்குத் தொங்கவிட்டார். அது ஒரு பதிப்பாளர் கண்ணில் பட, வியாபாரம் சூடுபிடித்தது. 1981-ல் முதல் ‘அல்டிமா’, அடுத்த ஆண்டு இரண்டாவது, 1983-ல் மூன்றாவது. அதே 1983-ல் அண்ணன் ராபர்ட், அப்பா, ஒரு நண்பர் ஆகியோருடன் சேர்ந்து ‘ஒரிஜின் சிஸ்டம்ஸ்’ என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். கேமுக்குள் ‘லார்ட் பிரிட்டிஷ்’ என்ற ராஜாவாகவும் அவரே வந்து உட்கார்ந்துகொண்டார்.

சொந்த நிறுவனம் என்பதால், மூன்றாவது அல்டிமாவை ஆடியவர்களின் கடிதங்கள் முதல்முறையாக நேரே அவர் கைக்கே வந்தன. பாராட்டுகள் இருந்தன. கூடவே அவரைத் தூக்கிவாரிப்போட்ட செய்தியும் இருந்தது. ஆடியவர்கள் தாங்கள் எப்படி ஜெயித்தோம் என்று பெருமையாக எழுதியிருந்தார்கள். ஊருக்குள் புகுந்து அப்பாவிகளைக் கொன்றார்கள், பெட்டிகளை உடைத்துப் பணத்தை அள்ளினார்கள், அந்தப் பணத்தில் நல்ல வாளும் கவசமும் வாங்கினார்கள், கடைசியில் வில்லனைத் தீர்த்துக்கட்டி உலகத்தைக் காப்பாற்றினார்கள். கேமின் கணக்கில் இவர்கள் கதாநாயகர்கள்! நல்லவனாக ஆடினால் நேரம்தான் வீண். கெட்டவனாக ஆடினால் சீக்கிரம் ஜெயிக்கலாம். எழுதியவருக்கே தெரியாமல் அந்த நிரல் இப்படி ஒரு பாடத்தைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

இன்னொரு பக்கம், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற விளையாட்டுகள் பிள்ளைகளைச் சாத்தான் வழிபாட்டுக்கு இழுக்கின்றன என்று அமெரிக்காவில் பெற்றோர்களும் மத அமைப்புகளும் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. மூன்றாவது அல்டிமாவின் அட்டைப் பெட்டியில் ஒரு பேய் உருவம் வேறு இருந்தது. திட்டும் கடிதங்களுக்குக் கேட்கவா வேண்டும்?

20 வயதைத் தாண்டி ஓரிரு ஆண்டுகளே ஆன ஒரு இளைஞர், திட்டினவர்களைத் திருப்பித் திட்டிவிட்டு அடுத்த பேயைக் கொண்டுவந்திருக்கலாம். கேரியட் உட்கார்ந்து தத்துவப் புத்தகங்களைப் படித்தார். அடுத்த கேமில் வில்லனையே எடுத்துவிட்டார்.

மூன்றிலிருந்து எட்டு

‘அல்டிமா 4: குவெஸ்ட் ஆஃப் தி அவதார்.’ தலைப்பிலேயே நமக்குப் பழக்கமான ஒரு சொல் இருக்கிறது. தொலைக்காட்சியில் இந்து மதம் பற்றிய ஒரு ஆவணப்படத்தைப் பார்த்தபோது ‘அவதாரம்’ என்ற கருத்து தனக்கு அறிமுகமானதாகக் கேரியட் சொல்லியிருக்கிறார். இன்று ப்ரொஃபைல் படத்துக்கும் கேம் பொம்மைக்கும் உலகமே ‘அவதார்’ என்கிறது. அந்தச் சொல் கம்ப்யூட்டர் திரைக்குள் நுழைந்த முதல் வாசல்களில் ஒன்று இந்தக் கேம்.

ஆனால் நுழையும்போது அதன் திசை மாறிவிட்டது. நமக்கு அவதாரம் என்றால் இறங்கி வருவது. மேலே இருப்பவர் கீழே இருப்பவர்களுக்காக எடுக்கும் பிறவி. பிரிட்டானியா என்ற இந்தக் கேம் உலகத்தில் அவதாரம் என்பது ஏறிப் போக வேண்டிய இடம். சாதாரண ஆள், அதாவது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் நாம், எட்டுப் பண்புகளில் தேறினால் கிடைக்கும் பட்டம். இன்றைய அவதார் ஒரு நொடியில் மாற்றிக்கொள்ளும் படம். அன்றைய அவதார் வாரக்கணக்கில் உழைத்துப் பெற வேண்டிய தகுதி.

அந்த எட்டுப் பண்புகளையும் கேரியட் ஒரு கணக்குப் புதிர் போலக் கட்டியிருக்கிறார். அடிப்படை மூன்று: உண்மை, அன்பு, துணிவு. ‘விசார்ட் ஆஃப் ஓஸ்’ கதையில் மூளை தேடும் வைக்கோல் பொம்மை, இதயம் தேடும் தகர மனிதன், தைரியம் தேடும் சிங்கம் ஆகிய மூவரும் இதற்குத் தூண்டுதல். உண்மை தனியாக நின்றால் நேர்மை. அன்பு தனியாக நின்றால் இரக்கம். துணிவு தனியாக நின்றால் வீரம். உண்மையும் அன்பும் சேர்ந்தால் நீதி. அன்பும் துணிவும் சேர்ந்தால் தியாகம். உண்மையும் துணிவும் சேர்ந்தால் மானம். மூன்றும் சேர்ந்தால் ஆன்மிகம். இதோடு ஏழு ஆயிற்று. மூன்றில் எதுவுமே இல்லாத இடம் ஒன்று மிச்சம் இருக்கிறதே? உண்மையும் இல்லை, அன்பும் இல்லை, துணிவும் இல்லை என்றால் அது ஆணவம். ஆணவத்துக்கு எதிர்ப்பக்கம் எதுவோ அது எட்டாவது பண்பு: பணிவு.

கணக்கு வாத்தியார் கரும்பலகையில் எழுதிக் காட்டியது போல இருக்கிறது. ஆனாலும் நீதியில் அன்பு ஏன் இருக்க வேண்டும், மானத்தில் துணிவு ஏன் கலந்தது என்று ஒரு நிமிடமாவது நம்மை யோசிக்க வைத்துவிடுகிறது. கேமின் தொடக்கம் அந்த யோசனையை இன்னும் கூர்மையாக்குகிறது.

குறிசொல்பவளின் ஏழு கேள்விகள்

பொதுவாக இப்படிப்பட்ட கேம்களில் முதல் வேலை, பாத்திரத்தை உருவாக்குவது. வலிமைக்கு இத்தனை புள்ளி, புத்திக்கு இத்தனை புள்ளி என்று கூறு போடுவோம். அல்டிமா 4-ல் அது கிடையாது. ஒரு திருவிழாவுக்குள் நடக்கிறோம். அங்கே குறிசொல்லும் நாடோடிப் பெண் ஒருத்தியின் வண்டி நிற்கிறது. அவள் எட்டுப் பண்புகளைக் குறிக்கும் சீட்டுகளை வைத்திருக்கிறாள். இரண்டிரண்டாக எடுத்து வைத்து, ஒரு சூழ்நிலையைச் சொல்லி, இதில் எது என்று கேட்கிறாள்.

உதாரணமாக, எண்ணாமல் கட்டிக் கொடுத்த பொற்காசுப் பையை இன்னொருவரிடம் சேர்க்கப் போகிறாய். வழியில் பசித்த ஒரு பிச்சைக்காரன். ஒரு காசு எடுத்துக் கொடுத்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. கொடுப்பாயா, பையை முழுசாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பாயா?

இது நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடுவே வரும் கேள்வியாக இருந்தால் யாரும் பதில் சொல்லிவிடலாம். இங்கே இரண்டு பக்கமும் நல்லது. நேர்மையா, இரக்கமா என்று நிறுத்தி வைத்தால், ஒன்றைக் கைவிட்டுத்தான் மற்றதை எடுக்க முடியும். கால்பந்து நாக்-அவுட் போட்டி மாதிரி எட்டு நாலாகி, நாலு இரண்டாகி, ஏழாவது கேள்வியில் ஒரே பண்பு ஜெயிக்கிறது. அதுவே நம் பிறவியைத் தீர்மானிக்கிறது. நேர்மை ஜெயித்தால் மந்திரவாதி. இரக்கம் ஜெயித்தால் பாணன். வீரம் ஜெயித்தால் போர்வீரன்.

பணிவு ஜெயித்தால்? ஆட்டிடையன். எட்டுப் பேரில் மிகவும் பலவீனமானவன். அவன் விளையாட்டைத் தொடங்கும் ஊர் மஜின்சியா. கர்வத்தால் அழிந்துபோய், ஆவிகள் உலவும் பாழூர். ‘நீ பணிவானவனா, சரி, இந்தா’ என்று இருப்பதிலேயே கஷ்டமான இடத்தில் இறக்கிவிடும் குறும்பு எழுதியவருக்கு இருந்திருக்கிறது. பணிவுக்குப் பரிசு எதிர்பார்த்தால் அது என்ன பணிவு?

எட்டு எண்கள்

இனி இந்தக் கேமின் இதயத்துக்கு வருவோம்.

நிரலுக்குள் ஒவ்வொரு பண்புக்கும் ஒரு எண் ஓடிக்கொண்டிருக்கிறது, உச்சம் 99. பிச்சைக்காரருக்குக் காசு கொடுத்தால் இரக்கம் ஏறுகிறது. மருத்துவர் ரத்தம் கேட்கும்போது, உடல்நலப் புள்ளிகளில் 100 போனாலும் பரவாயில்லை என்று கொடுத்தால் தியாகம் ஏறுகிறது. சண்டையிலிருந்து ஓடினால் வீரம் இறங்குகிறது. தீமை செய்யாத காட்டு விலங்கு உயிருக்குப் பயந்து ஓடும்போது, துரத்திக் கொல்லாமல் விட்டுவிட வேண்டும். ஊருக்குள் இருக்கும் பெட்டியைத் திறந்து பணத்தை எடுத்தால், அது அடுத்தவன் வீட்டுப் பணம். மூன்றாவது அல்டிமாவில் கெட்டிக்காரத்தனமாக இருந்த அதே செயல், நான்காவதில் திருட்டு. பேச்சுக்கு நடுவே யாராவது நம் பெருமையைக் கிளறிக் கேள்வி கேட்டால், மார்தட்டிப் பதில் சொன்ன நொடியில் பணிவு சரிகிறது.

இந்த எண்கள் எதுவும் திரையில் தெரியாது. இதுதான் முக்கியம். தெரிந்துகொள்ள ஒரே வழி, அரண்மனை வரை நடந்துபோய் ஹாக்விண்டிடம் கேட்பது. அவரும் எண்ணைச் சொல்லமாட்டார். நல்ல வழியில் போகிறாய், இன்னும் தூரம் இருக்கிறது என்ற மாதிரி வாய்வார்த்தைதான். போதிய அளவு தேறிவிட்டால், அந்தப் பண்புக்கு உரிய சன்னதிக்குப் போ என்பார். அந்தப் பண்புக்கான ரூன் கல்லைத் தேடி எடுத்து, மந்திரத்தை ஊர் ஊராக விசாரித்துத் தெரிந்துகொண்டு, சன்னதியில் தியானம் செய்ய வேண்டும். ஆன்மிகத்துக்கான மந்திரம் ‘ஓம்’ என்பதைக் கண்டுபிடிக்க நம்மவர்களுக்கு அவ்வளவாகச் சிரமம் இருக்காது.

சேமிப்புக் கோப்பைப் பிரித்துப் பார்த்த நிரலாளர்கள் ஒரு விஷயம் சொல்வார்கள். ஒரு பண்பில் 99 வரை ஏறி, சன்னதியில் தியானம் முடித்து முழுமை பெற்றதும், அந்த இடத்தில் கேம் எழுதிவைக்கும் எண் 0. ஏற்கெனவே தேறியவர் என்று அடையாளம் வைக்க நிரலாளர் கையாண்ட சுருக்கு வழிதான் அது. இருந்தாலும், நல்லவர்களின் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் பூஜ்யம் இருக்கும் என்பதில் ஒரு அழகு இருக்கிறது.

முழுமை பெற்றுவிட்டால் ஓய்வு என்று நினைக்க வேண்டாம். பட்டம் பெற்ற பிறகு ஒரு தப்பு செய்தாலும் எட்டில் ஒரு பங்கை இழந்தாய் என்ற அறிவிப்பு வரும். இழந்ததை மறுபடி சம்பாதிக்க வேண்டும். கேம் சத்தம் போட்டுத் தண்டிக்கும் ஒரே சமயம் அதுதான். மற்ற நேரமெல்லாம் மௌனம்.

அந்த மௌனத்துக்கு எதிராக ஒரு பெரிய ஆசையையும் காட்டுகிறார்கள். முதல் அல்டிமாவின் வில்லன் மொண்டெய்ன். அவன் மண்டையோடு கடலுக்கடியில் கிடக்கிறது. தேடி எடுத்துப் பயன்படுத்தினால், சுற்றியிருக்கும் எதிரிகள் எல்லாரும் அந்த நொடியே காலி. கூடவே நாம் சேர்த்த எட்டுப் பண்புகளும் சரிந்துவிடும். அதைக் கொண்டுபோய், கேமின் கடைசிக் கட்டமான பாதாளத்தின் வாயில் எறிந்துவிடலாம். அல்லது, தேவைப்பட்டால் பார்த்துக்கொள்வோம் என்று பையிலேயே வைத்துக்கொண்டு திரியலாம். ஆடியவர்களில் பலர் செய்தது எது என்று ஊகிப்பது சுலபம்.

மீட்டர் போட்ட நல்லவர்கள்

பிறகு வந்த கேம்கள் பல, நல்லது கெட்டதைக் கணக்கெடுக்கும் இந்த உத்தியை எடுத்துக்கொண்டன. மௌனத்தை மட்டும் விட்டுவிட்டன. 2003-ல் வந்த ஒரு ‘ஸ்டார் வார்ஸ்’ கேமில் ஒளிப்பக்கம், இருள்பக்கம் என்று ஒரு அளவுகோல் கண்ணெதிரே நிற்கும். 2007-ன் ‘மாஸ் எஃபெக்ட்’டில் நல்லதுக்கு நீலம், முரட்டுத்தனத்துக்குச் சிவப்பு. 2008-ன் ‘ஃபால்அவுட் 3’ல் திருடினால் உடனே கர்மா குறைந்தது என்று அறிவிப்பு வரும். பிடிக்கவில்லையா, பழைய சேமிப்பைத் திறந்து, செய்ததைச் செய்யாததாக ஆக்கிவிடலாம். ஆட்டோ மீட்டரைப் பார்த்துக்கொண்டே பயணம் செய்வது போலத்தான். கண் மீட்டரில் இருக்கும், ஊர் கண்ணில் படாது.

மீட்டர் தெரிந்தால் நல்லது செய்வது ஒரு வரவு. தெரியாவிட்டால் அது ஒரு பழக்கம். அல்டிமா 4-ல் கடைக்காரம்மாவுக்குச் சரியான காசைக் கொடுக்கும்போது நமக்கு எதுவும் நடப்பதில்லை. அடுத்த முறையும் நடப்பதில்லை. பத்தாவது முறை வரும்போது, ஏமாற்றலாமே என்ற எண்ணமே வருவதில்லை. விரல் தானாகச் சொன்ன விலையைத் தட்டுகிறது. ஒரு கேமால் ஒரு மனிதரைத் திருத்த முடியுமா என்றால், முடியும் என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் நல்ல பழக்கம் உள்ளே எப்படிக் குடியேறுகிறது என்பதை இவ்வளவு சத்தமில்லாமல் காட்டிய இன்னொரு கேமை நான் ஆடியதில்லை.

கேரியட்டே இந்தக் கேள்வியை இதோடு விடவில்லை. 1988-ல் வந்த ஐந்தாவது அல்டிமாவில் ராஜா காணாமல் போக, அந்த இடத்துக்கு வந்த பிளாக்தார்ன் பிரபு அதே எட்டுப் பண்புகளைச் சட்டமாக்கிவிடுகிறார். தர்மம் செய்யாவிட்டால் தண்டனை, பொய் சொன்னால் தண்டனை. நான்காவதில் நாம் ஆசையாக ஏறிய அதே படிகள் ஐந்தாவதில் சித்திரவதைக் கூடமாகின்றன. 1990-ல் வந்த ஆறாவதில், பேய்கள் என்று நாம் வெட்டிச் சாய்க்கும் கார்காயில் இனத்துக்கும் ஒரு வேதம், ஒரு அறம், ஒரு நியாயம் இருப்பது தெரிய வருகிறது. அவர்கள் பார்வையில் போலித் தீர்க்கதரிசி நாம்தான். அறம் என்ன என்று கேட்ட கேம், அடுத்து அதைத் திணிக்கலாமா என்று கேட்டு, அதற்கடுத்து யாருடைய அறம் என்று கேட்டது. கதைசொல்லலில் இந்த மூன்று படிகளும் இன்றைக்கும் பெரிய சாதனை.

1996-ல் அமெரிக்காவின் ‘கம்ப்யூட்டர் கேமிங் வேர்ல்டு’ இதழ் அதுவரை வந்ததில் சிறந்த 150 கேம்களைப் பட்டியலிட்டபோது, அல்டிமா 4-க்கு இரண்டாம் இடம் கொடுத்தது. அல்டிமா வரிசையின் செல்வாக்கு கடல் தாண்டியும் போனது. ஜப்பானில் 1986-ல் வந்து தேசிய மோகமாக மாறிய ‘டிராகன் குவெஸ்ட்’டை உருவாக்கிய யூஜி ஹோரி, அல்டிமாவும் ‘விசார்ட்ரி’யும்தான் தன் முன்னோடிகள் என்று சொன்னவர்.

குறைகளைச் சொல்லியாக வேண்டும்

பழைய படத்தைப் புகழ்கிறவர்கள் அதன் இழுவைக் காட்சிகளை மறைத்துவிடுவார்கள். நான் மறைக்கப் போவதில்லை.

சண்டைகள் அலுப்பு. எட்டுப் பேர் கொண்ட படையை ஒவ்வொருவராக நகர்த்தி, எதிரியை ஒவ்வொருவராக அடிக்க வேண்டும். பாதி வழியைக் கடப்பதற்குள் கை வலித்துவிடும். மந்திரம் போட வேண்டுமானால் முன்கூட்டியே மூலிகைகளைக் கலந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே அரைப்பு, அதே கலப்பு. இரண்டு மூலிகைகள் கடையிலேயே கிடைக்காது. பிரிட்டானியாவின் இரண்டு நிலவுகளும் அமாவாசையாக இருக்கும் நேரத்தில், குறிப்பிட்ட இடத்தில் போய்த் தோண்ட வேண்டும். அது அழகா, அக்கிரமமா என்பது அன்றைய மனநிலையைப் பொறுத்தது.

மனிதர்களுடன் பேசுவது இன்னொரு சோதனை. பெயர், வேலை, நலம் என்று கேட்டுத் தொடங்கி, அவர்கள் சொல்லும் பதிலில் எது முக்கியமான சொல் என்று நாமே ஊகித்து, அதை ஆங்கிலத்தில் தட்ட வேண்டும். அதுவும் பழங்கால ஆங்கிலம். முதல் நான்கு எழுத்துகள் சரியாக இருந்தால் போதும் என்பது ஒரு சின்ன ஆறுதல்.

இவற்றைவிடக் கனமான குற்றச்சாட்டு ஒன்று உண்டு. கணக்கு எப்படி ஓடுகிறது என்று தெரிந்துவிட்டால், அறத்தையே தவணை முறையில் கட்டி முடித்துவிடலாம். பிச்சைக்காரரைத் தேடிப் போய் ஒரு காசு, கொஞ்சம் பொறுத்து இன்னொரு காசு. மருத்துவரிடம் போய் ரத்தம், உடம்பு தேறியதும் மறுபடி ரத்தம். கேமுக்கு நம் கை செய்வது தெரியும். மனசு நினைப்பது தெரியாது. இது உண்மையான ஓட்டை. 64 கிலோபைட்டில் மட்டும் அல்ல, இன்றைய கம்ப்யூட்டரிலும் இதை அடைக்க முடியாது. கோயிலுக்குக் கொடுத்த ட்யூப் லைட்டின் மேலேயே உபயம் என்று தன் பெயரைப் பெரிதாக எழுதி வைக்கும் ஊரில் இருப்பவர்களுக்கு, இந்த ஓட்டை கேமில் மட்டும் இருப்பதல்ல என்பதும் தெரியும்.

அதனால்தான் இதை ஆடுவதற்கு ஒரு நிபந்தனை: வழிகாட்டிக் குறிப்புகளைப் பார்க்காதீர்கள். எது எத்தனை புள்ளி என்று இணையத்தில் தேடினால் இரண்டு நிமிடத்தில் கிடைத்துவிடும். கிடைத்த நிமிடமே கேம் செத்துவிடும்.

இன்று ஆடுவது எப்படி?

அன்று இதை வாங்கியவர்களுக்குப் பெட்டிக்குள் ஃப்ளாப்பிகளோடு துணியில் அச்சிட்ட வரைபடம், உலோகத்தில் செய்த ஒரு சின்ன ‘அங்க்’ சின்னம், பிரிட்டானியாவின் வரலாறு ஒரு புத்தகமாக, மந்திரக் குறிப்புகள் ஒரு புத்தகமாக வந்தன. வரைபடத்தில் எழுத்துகள் ரூன் லிபியில் இருக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும். மூன்றாவது அல்டிமாவைவிட 16 மடங்கு பெரிய உலகம் என்பதால் அந்தத் துணி வெறும் அலங்காரம் இல்லை.

இன்று ஒரு பைசா செலவில்லை. ஒரிஜின் நிறுவனத்தை 1992-ல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வாங்கியது. பழைய கேம்களை விற்கும் ‘ஜிஓஜி’ தளத்தில் அல்டிமா 4 அதிகாரபூர்வமாகவே இலவசம். அந்தப் புத்தகங்களும் வரைபடமும் மின்வடிவில் கூடவே வரும். சாதாரண லேப்டாப்பில், மிகப் பழைய லேப்டாப்பிலும்கூட, ஓடும். அந்த டாஸ் பதிப்பில் இசை இருக்காது. ரசிகர்கள் செய்த இலவச இணைப்பைப் போட்டால் இசையும் கொஞ்சம் நல்ல படமும் கிடைக்கும். ‘எக்ஸ்யூ4’ என்ற பெயரில் தன்னார்வலர்கள் புதிதாக எழுதிய பதிப்பும் உண்டு.

தொடங்கும் முன் மந்திரப் புத்தகத்தையும் வரலாற்றுப் புத்தகத்தையும் படித்துவிடுங்கள். அவை கேமின் பாதி. பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் கட்டாயம். யார் எந்த ஊரில் எதைச் சொன்னார் என்பதை எந்தத் திரையும் உங்களுக்காக எழுதி வைக்காது. பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கூட உட்கார வையுங்கள். குறிசொல்பவளின் ஏழு கேள்விகளுக்கு அப்பா ஒரு பதிலும் மகள் ஒரு பதிலும் சொல்வதைக் கேட்பதற்காகவே ஆடலாம். பையில் இருந்து ஒரு காசு எடுத்துக் கொடுப்பது தப்பா என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் முடிவு வரவில்லை.

கடைசியில் பாதாளத்தின் அடித்தளத்துக்கு இறங்கினால் அங்கேயும் ஒரு வில்லன் காத்திருப்பதில்லை. சில கேள்விகள்தான். எட்டுப் பண்புகளைப் பற்றி, மூன்று அடிப்படைகளைப் பற்றி, அப்புறம் எல்லாவற்றையும் தாங்கும் ஒற்றைச் சொல். சன்னதிகளில் கண்ட காட்சிகளைக் கூட்டிப் பார்த்தவருக்கு அந்தச் சொல் தெரிந்திருக்கும். சரியாகச் சொல்லிவிட்டால், பட்டாசு வெடிக்காமல், கிரீடம் சூட்டாமல், நம்மை நம் உலகத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். போய், கற்றதை வாழ்ந்து காட்டு என்பதுதான் முடிவுரையின் சாரம்.

அது ரொம்ப நாள் கழித்து வரும் விஷயம். இன்று இரவு நீங்கள் தொடங்கினால் முதல் சில மணி நேரத்திலேயே அந்த மூலிகைக் கடைக்குப் போக வேண்டியிருக்கும். அப்போது உங்கள் கையில் காசு குறைவாகத்தான் இருக்கும். அந்த அம்மா விலையைச் சொல்வார். சொன்னதைக் கொடுத்துவிடுங்கள்.